எட்டுப் பலகை: விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா?

படுத்த எட்டு வடிவத்தில் பள்ளம் வெட்டிய, குழந்தைகளுக்கான மரப் பலகை பாதி விலைக்கு வந்திருக்கிறது என்று காட்பாடி நண்பர் ஒருவர் படம் அனுப்பி, "வாங்கலாமாண்ணே?" என்று கேட்டார். அவர் பையன் யூகேஜி. பள்ளத்தில் பந்தை வைத்துக் குச்சியால் தள்ள வேண்டும், அவ்வளவுதான். அது படத்திலேயே தெரிகிறது. வருடக்கணக்கில் வீட்டில் வைத்திருப்பவனாக எனக்குச் சொல்ல இருப்பது, நடுவில் இரண்டு வளையமும் வெட்டிக்கொள்ளும் அந்த இடத்தைப் பற்றி.

அங்கே பந்து முட்டி நிற்கும். அழுத்தித் தள்ளினால் பள்ளத்தை விட்டு வெளியே குதிக்கும். வேறு பொம்மை என்றால் பேசாமல் விட்டிருப்பேன். இந்தப் பலகைக்கு உயிரே அந்த இடம்தான். கை உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போக வேண்டும், கண் பந்தை விடாமல் கூடவே போக வேண்டும். எட்டைப் படுக்கப் போட்டதே அதற்காகத்தான். என் மகள் ஆரம்பத்தில் வலக்கையால் தள்ளிக்கொண்டு வந்து, நடுவுக்கு வந்ததும் குச்சியை இடக்கைக்கு மாற்றிவிடுவாள். மாற்றாதே என்றால் கையை நீட்டாமல் இடுப்போடு திரும்பி உட்காருவாள். தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும் ஓட்டுவது அதைவிடக் கஷ்டம். இதெல்லாம் மெல்லத்தான் படியும். படிந்து வரும் நேரத்தில் பந்து குதித்து ஓடினால் குழந்தை குச்சியைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறது. கொஞ்சம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தீருகிற வேலை. அதைக்கூடச் செய்யாமல் 800 ரூபாய்க்கு மேல் வாங்கினார்கள் என்பதில் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

போதாக்குறைக்கு கத்திரி வெயிலில் ஒரு ஓரம் வளைந்துவிட்டது. வேலூர் வெயில் யாரைத்தான் விட்டது! சத்துவாச்சாரியில் ஓர் ஆசாரியிடம் கொண்டுபோனேன். விரலால் தடவிப் பார்த்தே, "நடுவுல முட்டிக்கினு நிக்குது சார், பள்ளம் பத்தல" என்றார். உளியால் ஆழப்படுத்தி, இழைத்து, அடியில் ஒரு சட்டம் அடித்துக் கொடுத்தார். பந்துக்குப் பதில் கோலிக்குண்டு போட்டோம்.

அப்புறம் பாருங்கள், பலகையே வேறு. குண்டு வழுக்கிக்கொண்டு நடுவைத் தாண்டுகிறது. மகள் கை மாற்றுவதில்லை. 'கொ' எழுதும்போது கொம்பையும் காலையும் பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தவள் இப்போது தடுமாறாமல் எழுதுகிறாள். பலகையால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன், வயதும் கூடியிருக்கிறது. ஏழு வயது வரைக்கும் எழுத்தைத் திருப்பிப் போடுவது சகஜம். தன் இடது வலது தெரிந்த பிள்ளைக்கும் எதிரே நிற்பவரின் இடது வலது பிடிபட இன்னும் நாளாகும்.

ஆனால் பெட்டியில் "வாசிப்புத் திறன் பெருகும்" என்று போட்டிருக்கிறார்களே, அதை நம்பி வாங்காதீர்கள். இடம் வலத்தை முதலில் உடம்பில் உணர்ந்தால்தான் தாளில் திசை பிடிபடும் என்று 1960களில் இந்த வகைப் பயிற்சிகளைப் பரப்பியவர் அமெரிக்க உளவியலாளர் நியூவெல் கெபார்ட். 1983ல் கவாலே, மேட்சன் என்ற இருவர் 180 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, இவற்றால் படிப்பில் பலன் ஏறக்குறைய இல்லை என்றே எழுதினார்கள். கையும் கண்ணும் சேர்ந்து பழக, பிள்ளை ஆசையாக உட்கார, நல்ல பொருள். அந்த அளவுக்குத்தான்.

இவ்வளவு பாராட்டிவிட்டும் நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பாதி விலைக்கும் வேண்டாம். மொட்டைமாடியில் சாக்பீஸால் பெரிதாக ஓர் எட்டுப் போட்டு நடக்க விடுங்கள். பாண்டி ஆட விடுங்கள், ஒரு ஆட்டம் வலக்காலில், அடுத்தது இடக்காலில். பலகைதான் வேண்டும் என்றால் ஆசாரியிடம் சொல்லுங்கள். குடியாத்தத்தில் இருக்கும் தங்கச்சி பையனுக்கு அவரிடமே ஒன்று சொல்லிவைத்திருக்கிறேன்: கனமான பலகை, வழவழப்பான பள்ளம், நடுச்சந்திப்பில் கோலி பாதி முங்கும் ஆழம்.