பாசிக்கு ‘இயற்கை மருந்து’ என்று பாட்டிலை நீட்டினால் வாங்காதீர்கள்

முதலில் எச்சரிக்கை, கதை அப்புறம். என்னென்ன கலந்திருக்கிறது என்று லேபிளில் எழுதாத எந்தப் பாசிக்கொல்லியையும் இறாலோ நத்தையோ இருக்கும் மீன் தொட்டியில் ஊற்றாதீர்கள். விற்பவர் ‘ஹெர்பல்’ என்று சொல்லட்டும், ‘என் தொட்டிக்கே இதைத்தான் போடுறேன்’ என்று சத்தியம் செய்யட்டும். மூலப்பொருளின் பெயர் தெரியாமல் ஒரு சொட்டுகூட வேண்டாம். என் தொட்டியில் பாசி மேய விட்டிருந்த அமானோ என்ற சின்ன இறால்கள் அத்தனையும் ஒரே இரவில் செத்தது அப்படிப்பட்ட ஒரு பாட்டிலால்தான். அந்தப் பாட்டில் தேவைப்படும் நிலைமைக்குத் தொட்டியைக் கொண்டுவந்து விட்டதும் அதை விற்ற அதே ஆள்தான்.

பெயரைக் கேட்டு மெசேஜ் அனுப்ப வேண்டாம், சொல்லப்போவதில்லை. இதே பாணியில் விற்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். பாணி தெரிந்தால் போதும்.

அவரிடம் நான் எடுத்தது, செடித் தொட்டியை (தண்ணீருக்குள் செடி வளர்க்கும் மீன் தொட்டி) அமைத்துக் கொடுப்பது, பிறகு அவ்வப்போது வந்து பராமரிப்பது, இரண்டும் சேர்த்து ஒரே பேக்கேஜ். 100 லிட்டர் தொட்டி, அடியில் சத்து மண், மேலே கண்ணைக் கூசும் எல்ஈடி லைட். செடிகள் மட்டும் கஞ்சத்தனமாக: இரண்டு மூன்று அனுபியாஸ், பின்னால் கொஞ்சம் வாலிஸ்னேரியா, கட்டையில் கட்டிய ஜாவா மாஸ். செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு கொடுக்கும் சிஓ2 சிலிண்டர் தேவையில்லை என்றார். லைட்டை முழு அளவில் வைத்து, டைமரை 12 மணி நேரத்துக்குத் திருப்பியதும் அவரே. “செடிக்கு வெளிச்சம் எவ்வளவு கிடைக்குதோ அவ்வளவு நல்லது சார்.”

இந்த ஒரு வாக்கியத்தில்தான் மொத்த வியாபாரமும் இருக்கிறது. செடி வெறும் வெளிச்சத்தைச் சாப்பிட்டு வளராது. வெளிச்சத்துக்கு ஈடாகக் கார்பனும் நைட்ரேட், பாஸ்பேட், பொட்டாசியம், இரும்பு எல்லாமும் கிடைத்தால்தான் அந்த வெளிச்சம் வளர்ச்சியாக மாறும். கிடைக்காவிட்டால் செடி அப்படியே நிற்கும். மிச்ச வெளிச்சத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும். பாசிக்கு மிகக் குறைந்த சத்தே போதும். அனுபியாஸும் ஜாவா மாஸும் வேறு மெதுவாக வளர்கிறவை, நிழலிலேயே பிழைப்பவை. செடி குறைந்த, சிஓ2 இல்லாத புதுத் தொட்டிக்கு மங்கலான வெளிச்சம் 6 மணி நேரம் தாராளம். நன்றாக வேரூன்றிய பிறகும் 8 மணியைத் தாண்ட அவசியமில்லை.

சில வாரங்களில் கண்ணாடியிலும் இலைகளிலும் பழுப்பு நிறத் தூசி படிந்தது. விரலால் தடவினாலே போய்விடும் வகை. இது டயாட்டம் என்ற நுண்பாசி. புதுத் தொட்டிகளில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வருவது. மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் சிலிகேட் இதற்குத் தீனி; தொட்டி பக்குவப்பட்டதும் தானாகவே போய்விடும். துடைத்துவிட்டுப் பொறுமையாக இருந்தாலே போதும். அவர் வந்து பார்த்தார், முகத்தைச் சுருக்கினார், “பாஸ்பேட் ஏறிடுச்சு” என்றார். சோதித்துப் பார்க்கவில்லை. ஃபில்டருக்குள் பாஸ்பேட்டை உறிஞ்சும் துகள் பை ஒன்றைப் போட்டு, பில்லையும் கொடுத்துவிட்டுப் போனார்.

பாஸ்பேட்தான் பாசிக்குக் காரணம் என்பது 1990-களில் பரவலாக நம்பப்பட்ட விஷயம். செடித் தொட்டி வல்லுநர் டாம் பார் போன்றவர்கள் செடிகள் நிறைந்த தொட்டியில் வேண்டுமென்றே பாஸ்பேட்டைச் சேர்த்துப் பார்த்து, பாசி வரவில்லை என்று காட்டி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இன்றைக்குச் செடித் தொட்டி உரங்களிலேயே பாஸ்பேட் கலந்து வருகிறது. அதை வடிகட்டி எடுத்தால் பட்டினி கிடப்பது செடிதான். என் அனுபியாஸ் இலைகளில் கெட்டியான பச்சைப் புள்ளிகள் வந்தது அந்தப் பை போட்ட பிறகுதான். பச்சைப் புள்ளிப் பாசி பெரும்பாலும் பாஸ்பேட் குறைவாகவும் வெளிச்சம் அதிகமாகவும் இருக்கும்போது வருவது. ஆக, தானாகப் போகிற பாசிக்கு வைத்தியம் பார்த்து, போகாத பாசி ஒன்றை வரவழைத்தாயிற்று.

அடுத்த வருகையில் ‘திரவ கார்பன்’. சிலிண்டருக்கு மாற்று என்று சொல்லி விற்றார். இந்தப் பெயரில் வரும் பெரும்பாலான பாட்டில்களில் இருப்பது குளூட்டரால்டிஹைடு, அல்லது அதையொத்த ஒரு சேர்மம். மருத்துவமனைகளில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்ய சுமார் 2 சதவீதக் கரைசலாகப் பயன்படுத்தும் அதே பொருள். பாசியை, குறிப்பாகக் கறுப்புத் தாடி மயிர் போலக் கொத்தாக வளரும் கருந்தாடிப் பாசியை, இது தாக்கும் என்பது உண்மை. அளவறிந்து பயன்படுத்துகிற அனுபவசாலிகள் இருக்கிறார்கள். ஆனால் வாலிஸ்னேரியாவுக்கு இது ஆகாது. செடித் தொட்டி பராமரிப்பைத் தொழிலாகச் செய்கிறவருக்கு அது தெரியாமல் இருக்க வழியில்லை. அவரே நட்ட வாலிஸ்னேரியா ஒரே வாரத்தில் கண்ணாடி போல வெளுத்துக் கரைந்தது. செத்த இலை தண்ணீரில் அழுகினால் அமோனியா. வேகமாக வளரும் ஒரே செடியும் போய், தொட்டி முழுவதும் பாசிக்கே பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி ஆனது. கையுறை போடச் சொல்லவில்லை, ஆவியை மூச்சில் இழுக்காதீர்கள் என்றும் சொல்லவில்லை.

இப்போது பச்சை நூல் பாசியும், கட்டையின் ஓரங்களில் கருந்தாடியும். இதற்குத்தான் மீன் வந்தது.

“சயாமீஸ் அல்ஜி ஈட்டர் சார், கருந்தாடியைச் சாப்பிடுற ஒரே மீன்” என்று ஒரு பையில் மூன்று கொண்டுவந்தார். சொன்னதில் பெரிய பொய் இல்லை. நிஜமான சயாமீஸ், அதாவது க்ராசோகைலஸ் இனம், கருந்தாடியைத் தின்னும் அரிய மீன்களில் ஒன்றுதான். பையில் இருந்ததுதான் பொய். அது சைனீஸ் அல்ஜி ஈட்டர், கைரினோகைலஸ். பெயரில் சீனா இருந்தாலும் தென்கிழக்கு ஆசிய ஆறுகளின் மீன். குட்டியில் பாசியை மேயும். வளர வளரப் பாசியை மறந்து, எல்லை பிடித்துக்கொண்டு மற்ற மீன்களை விரட்டும். ஏஞ்சல் போன்ற தட்டையான மீன்களின் உடம்பில் ஒட்டிக்கொண்டு மேல் படலத்தை உறிஞ்சும். முழு வளர்ச்சியில் 25 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடியது. 100 லிட்டர் தொட்டிக்கு மூன்று!

இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினமல்ல, வாங்கும் முன் அரை நிமிடம் போதும். மீன் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு தொங்கினால் அது சயாமீஸ் அல்ல. உறிஞ்சி வாய் சைனீஸுக்குத்தான். நிஜ சயாமீஸ் அடிப்புறத் துடுப்புகளை ஊன்றி இலை மேல் உட்காரும். அதன் கறுப்புக் கோடு மூக்கிலிருந்து தொடங்கி வால் துடுப்பின் நுனி வரை ஓடும், கோட்டின் விளிம்பு ரம்பப்பல் போல இருக்கும், துடுப்புகளில் நிறம் இருக்காது. கோடு வால் துடுப்புக்கு முன்பே நின்றுவிட்டால் அது வேறு இனம். கோட்டுக்கு மேலே பளிச்சென்று ஒரு தங்கக் கோடும் துடுப்புகளில் நிறமும் இருந்தால் ஃப்ளையிங் ஃபாக்ஸ், அதுவும் சண்டைக்காரன். பொன்னிறத்தில் ‘கோல்டன் அல்ஜி ஈட்டர்’ என்று விற்பதும் சைனீஸ்தான், தோல் நிறம் மட்டும் வேறு. ‘டேங்க் கிளீனர்’ என்று கொடுக்கும் ப்ளெகோ என்ற உறிஞ்சுவாய்க் கெளுத்தியைப் பற்றித் தனியாகவே எழுதலாம்; அது போடும் எச்சத்தை யார் கிளீன் செய்வது?

மீன் தப்பு என்று படத்தோடு அனுப்பினேன். “லோக்கல் வெரைட்டி சார், அப்படித்தான் இருக்கும்” என்று பதில் வந்தது. அந்த வாரமே நேரில் வந்து, இனிமேல் பாசி என்ற பேச்சே இருக்காது என்று அந்தப் பாட்டிலைத் திறந்தார். வெள்ளைப் பிளாஸ்டிக் பாட்டில், கையால் ஒட்டிய ஸ்டிக்கர், ‘நேச்சுரல் அல்ஜி கன்ட்ரோல்’, ஒரு மூடி அளவு என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை. மூடியில் ஊற்றியபோது லேசான நீலம். இறால் இருக்கிறதே என்று கேட்டேன். “ஹெர்பல் சார், இறாலுக்கு ஒண்ணும் ஆகாது.” இதையே மெசேஜிலும் எழுதியிருக்கிறார், பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மாலையில் இறால்கள் தொட்டியெங்கும் பைத்தியம் பிடித்தது போல நீந்தின, சில ஃபில்டர் குழாயில் ஏறித் தண்ணீருக்கு மேலே வரப் பார்த்தன. விடிந்தபோது அத்தனையும் மண்ணில் சாய்ந்து கிடந்தன. மீன்கள் மேல்மட்டத்தில் வாய் பிளந்துகொண்டிருந்தன. பாசி செத்தது, அதில் சந்தேகமில்லை. மொத்தமாகச் செத்த பாசி அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும், அமோனியாவையும் ஏற்றிவிடும்.

அந்த நீல நிறத்தால் சந்தேகம் வந்து, தண்ணீரில் செப்பு (காப்பர்) இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக் கருவி ஒன்று வாங்கினேன். குழாய்த் தண்ணீரில் நிறம் மாறவில்லை. தொட்டித் தண்ணீரில் மாறியது. சுத்தமான தண்ணீரில் அந்தப் பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தபோது, நிற அட்டையின் கடைசிக் கட்டத்தையும் தாண்டிப் போனது. செப்பு சல்பேட் பழைய பாசிக்கொல்லி. குளங்களிலும் நீர்த்தேக்கங்களிலும் பயன்படுத்துவார்கள். இறால், நத்தை போன்றவற்றுக்கு மிகச் சிறிய அளவிலேயே நஞ்சு. கடினத்தன்மை குறைந்த மென்தண்ணீரில் இன்னும் மோசம். சில பாசிக்கொல்லிகளில் செப்புக்குப் பதில் சிமாசின் இருக்கும். அது களைக்கொல்லி. ஒளிச்சேர்க்கையைத் தடுத்துத்தான் பாசியைக் கொல்கிறது, செடி செய்வதும் அதே ஒளிச்சேர்க்கைதானே.

இதையெல்லாம் அவரிடம் காட்டினேன். முதலில் “உங்க தண்ணியிலயே காப்பர் இருந்திருக்கும்” என்றார். குழாய்த் தண்ணீர்ச் சோதனையைக் காட்டியதும் “டோஸ் கூடப் போயிருக்கும்” என்றார். ஊற்றியது அவர். அதைச் சொன்னதும் உயிருள்ளவற்றுக்கு உத்தரவாதம் கிடையாது என்று பில்லின் பின்பக்கத்தைக் காட்டினார். பிறகு, கேளுங்கள், செப்பை எடுக்க இன்னொரு பாட்டில் இருக்கிறது, தள்ளுபடியில் தருகிறேன் என்றார். பராமரிப்பு ஒப்பந்தத்தை அன்றே முடித்துக்கொண்டேன். முன்பணத்தில் மிச்சம் இதுவரை திரும்பவில்லை.

கடைசியில் பாசியை அடக்கியவற்றில் காசு கொடுத்து வாங்கியது செடி மட்டுமே. டைமரை 6 மணி நேரத்துக்குக் குறைத்தேன், லைட்டைப் பாதி அளவுக்கு இறக்கினேன். வேகமாக வளரும் தண்டுச் செடிகளையும் மிதக்கும் செடிகளையும் நெருக்கமாகப் போட்டேன். பாஸ்பேட் பையை எடுத்து எறிந்தேன். பச்சைப் புள்ளிகளைப் பிளேடால் சுரண்டினேன், நூல் பாசியைப் பல்துலக்கும் பிரஷ்ஷில் சுற்றி இழுத்தேன், கருந்தாடி படிந்த இலைகளை வெட்டினேன். வாரம் ஒருமுறை பாதித் தண்ணீர் மாற்றம். புதிய இலைகள் சுத்தமாக வர ஆரம்பித்தன. இதில் ஒன்றைக்கூட அவர் ஒருநாளும் சொல்லவில்லை. தும்பு டைமரில் இருந்தது; அதை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கத்தான் வருகைக்கு ஒரு சாமானாக விற்றுக்கொண்டிருந்தார்.

உங்களிடம் யாராவது பாசிக்கு எதையாவது விற்க வந்தால், இது எந்தப் பாசி என்று முதலில் கேளுங்கள். பெயர் சொல்லாமல் பாட்டிலை எடுத்தால் அனுப்பிவிடுங்கள். ஏனென்றால் வைத்தியம் ஒவ்வொன்றுக்கும் வேறு. தண்ணீரே பச்சையாக இருந்தால் யூவி விளக்கு, அல்லது சில நாள் முழு இருட்டு. தோல் போலப் படர்ந்து, உரித்தால் ஏடாக வந்து, மண் நாற்றம் அடித்தால் அது பாசியே அல்ல, சயனோபாக்டீரியா. தண்ணீர் ஓட்டமில்லாத மூலைகளிலும் நைட்ரேட் வறண்ட தொட்டியிலும் வரும். கருந்தாடியா என்று சந்தேகம் என்றால் ஒரு துணுக்கை ஆல்கஹாலில் போடுங்கள், செந்நிறமாக மாறும். அது சிவப்புப் பாசி இனம். சிஓ2 போடுகிற தொட்டியில் அது வந்தால் பெரும்பாலும் சிஓ2 ஏறி இறங்குகிறது என்று அர்த்தம்; தொட்டிக்குள் ஒட்டிவைக்கும் சிஓ2 அளவுகாட்டியான டிராப் செக்கரில் 4 டிகேஹெச் (கார்பனேட் கடினத்தன்மை அலகு) கரைசல் ஊற்றி, அது பச்சையாக நின்றால் சிஓ2 சுமார் 30 பிபிஎம் (லிட்டருக்கு 30 மில்லிகிராம்).

அந்த மூன்று மீன்களையும் பெரிய தொட்டி வைத்திருக்கும் ஒருவர் வாங்கிக்கொண்டார். ஆள் கிடைக்கவில்லை என்று ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடாதீர்கள்.

இதே மாதிரி பாட்டிலை ஏற்கெனவே ஊற்றிவிட்டவர்களுக்கு: ஏர் பம்ப்பை உடனே போடுங்கள். குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலைத் தண்ணீரால் பாதியை மாற்றுங்கள், அடுத்த நாளும் மாற்றுங்கள். ஃபில்டரில் புதிய ஆக்டிவேட்டட் கார்பன் வையுங்கள். செத்த பாசியைக் குழாயால் உறிஞ்சி எடுங்கள். செப்பு மண்ணிலும் படிந்து பிறகு மெல்ல வெளியே வரும், அதனால் சில வாரங்கள் தொடர்ந்து சோதித்துப் பூஜ்யம் காட்டிய பிறகே இறால் விடுங்கள். பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள். பில், மெசேஜ், லேபிளின் படம் எல்லாவற்றோடும் அதையும் வைத்திருங்கள். பணம் கேட்டுப் போகும்போது அவர் முன்னாலேயே சோதித்துக் காட்ட உள்ளே கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும்.