பவுல் போன வழியில் எட்டு நாள் கிரேக்க டூர்: போகலாமா?

போன அக்டோபரில் நானும் மனைவியும், பவுல் அப்போஸ்தலன் ஊழியம் செய்த கிரேக்க ஊர்களைப் பார்க்கும் எட்டு நாள் டூர் ஒன்றுக்குப் போய்விட்டு வந்தோம். எங்கள் சபையிலிருந்து 26 பேர். டிராவல்ஸ் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் நான் விசாரித்த இரண்டு மூன்று இடங்களிலும் ஏறக்குறைய இதே திட்டத்தைத்தான் கொடுத்தார்கள். கட்டாயம் போகலாம். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் எந்த ஊரில் எத்தனை மணி நேரம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், நாங்கள் அதைச் செய்யவில்லை.

நெயாப்போலி என்று பைபிளில் நாம் வாசிக்கிற துறைமுகம்தான் இப்போதைய கவாலா. துரோவாவில் கப்பலேறி சமோத்திராக்கே தீவு வழியாக மறுநாளே பவுல் இங்கே வந்து இறங்கினார். அங்கிருந்து பிலிப்பி சுமார் 15 கிலோமீட்டர், பஸ் ஒரு மேடு ஏறி இறங்கினால் வந்துவிடுகிறது.

எங்களுக்கு வந்த கைடு தெசலோனிக்கே ஊர்க்கார அம்மா. பிலிப்பியில் பவுலும் அவரோடு ஊழியம் செய்த சீலாவும் அடைபட்ட சிறை என்று ஒரு சின்னக் கல் அறையைக் காட்டுகிறார்கள். எல்லாரும் போனை எடுத்துவிட்டோம். அந்த அம்மா கொஞ்சம் பொறுங்கள் என்று நிறுத்தி, இது ரோமர் காலத்துத் தண்ணீர்த் தொட்டி என்பதுதான் ஆராய்ச்சியாளர்கள் கருத்து, பிற்காலத்துக் கிறிஸ்தவர்கள் இதைச் சிறையாக நினைத்துப் போற்றினார்கள் என்று விளக்கினார். சிலருக்கு முகம் வாடிவிட்டது. எனக்கோ அவர் மேல் முழு நம்பிக்கை வந்ததே அப்போதுதான், அதற்கப்புறம் அவர் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பிலிப்பியில் நான் மறக்கவே முடியாதது சாலை. வியா எக்னாத்தியா என்ற ரோமர் நெடுஞ்சாலையின் ஒரு துண்டு ஊருக்கு நடுவே அப்படியே கிடக்கிறது, பெரிய பெரிய கல்லாகப் பாவியது. வண்டிச் சக்கரம் ஓடி ஓடிக் கல்லே குழிந்திருக்கிறது. என் மனைவி குனிந்து அந்தத் தடத்தில் கையை வைத்துப் பார்த்தாள், விரல் உள்ளே இறங்கியது. மூன்று தரம் மிலாறுகளால், அதாவது பிரம்புகளால், அடிபட்டேன் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறாரே, அதில் எந்த ஊரில் என்று நமக்குத் தெரிவது பிலிப்பி ஒன்றுதான். அங்கே அடிபட்டுச் சிறையில் கிடந்த பவுல், சீலா இருவரின் காயங்களையும் சிறைக்காரன் கழுவியது நடுராத்திரிக்கு மேல். விடிந்ததும் ஊரைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். ஆறாத அந்த முதுகோடு அம்பிபோலி, அப்பொலோனியா வழியாக தெசலோனிக்கேக்கு, சுமார் 150 கிலோமீட்டர் போயிருக்கிறார்கள். எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டதுதான், ஆனால் அந்தத் தூரம் எனக்கு உறைத்தது அந்தக் கல்லின் மேல் நின்றபோதுதான்.

இவ்வளவு பெரிய இடத்துக்கு எங்களுக்குக் கொடுத்தது ஒன்றேகால் மணி நேரம், பாத்ரூம் வரிசையும் சேர்த்து. அரங்கத்தைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. பக்கத்தில், பவுல் சொன்னதைக் கேட்டு விசுவாசித்த லீதியாள் என்ற பெண் ஞானஸ்நானம் பெற்றதாகச் சொல்லும் ஆற்றங்கரையில் மட்டும் அவசரப்படுத்தவில்லை. தண்ணீர் நல்ல குளிர்ச்சி, கல்படியில் உட்கார்ந்து பாட்டுப் பாடி ஜெபித்தோம்.

தெசலோனிக்கே இப்போது பெரிய நகரம், பவுல் காலத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பெரோயாவில் மொசைக் படங்களோடு ஒரு நினைவிடம் இருக்கிறது, அரை மணி நேரம் போதும்.

அடுத்துதான் எனக்கு மனத்தாங்கல். மெத்தேயோரா மடங்களுக்கு ஒரு முழு நாள். பாறை உச்சியில் மடங்கள், அழகுக்குக் குறைவில்லை. ஆனால் அவை பவுலுக்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பிந்தியவை. அதோடு சாமி படம் விற்கிற ஒரு கடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்தார்கள். பவுலைத் தேடி வந்தவர்களுக்கு அந்த நேரத்தைப் பிலிப்பியில் கொடுத்திருக்கக் கூடாதா?

அத்தேனேயில் (ஏதென்ஸ்) பவுல் பிரசங்கித்த மார்ஸ் மேடை என்ற பாறைக்குப் போகிறவர்கள் பிடிமானமுள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள். ஆள் நடந்து நடந்து பாறை வழவழவென்று இருக்கிறது. ஏற இரும்புப் படி உண்டு, முட்டி வலி உள்ளவர்கள் கீழேயே இருந்து பவுலின் பிரசங்கம் கிரேக்கத்தில் பொறித்த வெண்கலத் தகட்டைப் பார்க்கலாம். மேலே ஏறினால் பார்த்தினன் கோயில் கண்ணெதிரே நிற்கிறது. கைகளால் கட்டின கோயில்களில் தேவன் வாசம்பண்ணுவதில்லை என்று அதைப் பார்த்துக்கொண்டே சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

கொரிந்தில் ரோம அதிபதி கல்லியோன் முன்னால் பவுலை நிறுத்திய நியாயாசனத்தின் மேடை இருக்கிறது. இந்தக் கல்லியோன் தத்துவஞானி செனெக்காவின் அண்ணன். டெல்பியில் கிடைத்த கல்வெட்டுத் துண்டுகளில் அவர் பெயர் இருப்பதால்தான் பவுல் கொரிந்தில் இருந்தது கி.பி. 51ஐ ஒட்டி என்று கணக்கிட முடிகிறது. கைடு இதை பஸ்ஸிலேயே பொறுமையாக விளக்கிவிட்டதால் மேடை முன்னால் நின்றபோது எல்லாருக்கும் புரிந்தது.

ஆனால் பக்கத்திலேயே இருக்கும் பழைய துறைமுக ஊரான கெங்கிரேயா திட்டத்தில் இல்லை. கேட்டதற்கு, அங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்றார்கள். அன்று தங்கல் கொரிந்துக்குப் பக்கத்தில் லூட்ராக்கியில்தான், அதனால் நாங்கள் நான்கு பேர் சாயங்காலம் டாக்சி பிடித்துப் போனோம். பழைய துறைமுகத்தின் சுவர்கள் பாதி கரையில், பாதி கடலுக்குள். தண்ணீர் தெளிவாக இருப்பதால் கீழே கல் வரிசை தெரிகிறது. பவுல் தன் நிருபத்தில் குறிப்பிடும் பெபேயாள் என்ற பெண் ஊழியம் செய்த சபை இந்த ஊரில்தான் இருந்தது. பவுல் தலையைச் சிரைத்துக்கொண்டு எபேசுக்குக் கப்பலேறியதும் இங்கேதான். மூன்று தரம் கப்பற்சேதம் என்று அவர் எழுதும்போது மெலித்தா (மால்டா) தீவுக் கப்பற்சேதம் இன்னும் நடக்கவே இல்லை, அது நான்காவது. அப்படியும் அந்த மனுஷன் கப்பலேறுவதை விடவில்லை. இருட்டும்வரை அங்கேயே இருந்தோம், எங்களைத் தவிர யாரும் இல்லை.

சாப்பாடும் அறையும் நன்றாகவே இருந்தன, குறை சொல்ல ஒன்றும் இல்லை. கெங்கிரேயாவை மட்டும் முதலிலேயே திட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். எங்களுக்குப் போக அரை மணி நேரம்கூட ஆகவில்லை, பெரிய பஸ் போகும் ரோடுதான்.