தருமபுரியில் வீட்டோடு ஒரு கணக்கு ஆபீஸ்: ஆறு வருடம் பயன்படுத்திய பிறகு

2019 ஆகஸ்டில் வேலையை விட்டு வந்தபோது என் மொத்த ஆபீஸும் ஒரு கட்டைப்பையில் அடங்கியது. பழைய லேப்டாப் ஒன்று, கால்குலேட்டர் ஒன்று, மூன்று கடைகளின் பில் கட்டு. இப்போது 34 கடைகளுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிறேன். ஜூலை வந்தால் வருமான வரிக் கணக்கும் சேர்ந்துகொள்ளும். வீடு குமாரசாமிப்பேட்டையில். வீட்டுக்காரர் பஸ் டிரைவர், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பெங்களூர் டிரிப். பெரியவள் பிளஸ் டூ, சின்னவன் ஐந்தாவது. கூடவே அத்தை, அதாவது என் மாமியார். வீட்டிலேயே தொழில் தொடங்கலாமா என்று கேட்கிற தோழிகளுக்குப் போனில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால்தான் எழுதி வைக்கிறேன். வாங்கியது, செய்ய வைத்தது, தூக்கிப் போட்டது எல்லாம் இதில் உண்டு.

இத்தனை வருடத்தில் காசு போட்டதிலேயே நல்ல பொருள் எது என்று கேட்டால் ஒரு தகரப் பெட்டியைத்தான் காட்டுவேன். அதற்கு முன்னால் அறைக் கதை.

முதல் வருடம் ஹாலில் சாப்பாட்டு மேஜைதான் ஆபீஸ். காலையில் இட்லித் தட்டை எடுத்ததும் லேப்டாப் வரும், மதியம் லேப்டாப் போய்ச் சோறு வரும். ஒரு பாத்திரக்கடை பில்லில் சாம்பார் கொட்டி, வாங்கியவருடைய ஜிஎஸ்டி நம்பரே தெரியாமல் போய், கடைக்காரரிடம் இன்னொரு நகல் கேட்டு வழிந்துகொண்டு நின்றது இன்னும் மறக்கவில்லை. அடுத்து மாடியில் இருந்த ஷீட் அறைக்குப் போனேன். தனி அறை என்று பெருமையாக இருந்தது, மார்ச் வரைக்கும். தருமபுரி வெயிலுக்கு ஏப்ரலில் பதினொரு மணிக்கு மேல் அந்தத் தகரத்துக்கு அடியில் உட்கார்ந்தால் கால்குலேட்டர் பட்டன்கூடச் சுடும். அதைவிடப் பெரிய தொல்லை, கீழே என்ன நடக்கிறது என்று தெரியாது. குக்கர் நாலாவது விசிலா, ஐந்தாவதா? சின்னவன் அழுகிறானா, டிவியில் அழுகிறார்களா? ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை படி ஏறி இறங்கினேன்.

2021-இல் பைக் நிறுத்துகிற முன் அறையைக் கேட்டு வாங்கினேன். எட்டுக்குப் பத்து அடி. தெருப்பக்கம் ஒரு கதவு, ஹால் பக்கம் ஒரு கதவு. "அப்ப வண்டியை எங்க நிறுத்தறது?" என்றார் வீட்டுக்காரர். வண்டி இன்றுவரை தார்ப்பாயை மூடிக்கொண்டு வெளியேதான் நிற்கிறது, மழை வரும்போதெல்லாம் எனக்கு ஒரு பேச்சு கிடைக்கிறது. இருந்தாலும் மூன்று இடத்தில் இதுதான் நிலைத்தது. அறை பெரியது என்பதால் இல்லை, அதற்கு இரண்டு கதவு இருப்பதால். வருகிறவர்கள் ஹாலை மிதிக்காமல் வந்து போகலாம்.

இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். முன்பெல்லாம் கடைக்காரர் யார் வந்தாலும் ஹால் வழியாகத்தான் வருவார். அத்தை வந்தவரை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, எந்த ஊர், எந்தத் தெரு, பொண்ணுக்கு வரன் பார்த்தாச்சா என்று கேட்டு முடிக்க அரை மணி நேரம் போகும். பிறகு நான் அவர் கடையின் விற்பனைத் தொகையை அவரிடம் சொல்வேன், வீடே கேட்கும். ஒரே தெருவில் எதிரெதிரே கடை போட்டிருக்கும் இரண்டு பேர் என்னிடம் வருகிறார்கள். ஒருவர் கணக்கு மற்றவர் காதில் விழுந்தால் இரண்டு பேரும் போய்விடுவார்கள், நியாயமும் அதுதான். ஒரு தடவை பெரியவள் பள்ளிக்கூடத்தில் தோழியிடம் "உங்கப்பா கடை பில்லெல்லாம் எங்க வீட்லதான் இருக்கு" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டாள். அந்த அப்பா நல்ல மனிதர், சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் முகத்தில் ஈயாடவில்லை. அன்றிலிருந்து ஹால் பக்கத்துக் கதவு மூடியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறார் என்று பொருள், யாரும் தட்டக் கூடாது. ரத்தம், நெருப்பு, கேஸ் வாசனை, இந்த மூன்றுக்கு மட்டும் தட்டலாம். சின்னவன் நாலாவதாக "பசி" என்று சேர்த்துப் பார்த்தான், நடக்கவில்லை.

இப்போது தகரப் பெட்டி. கடைக்காரர்கள் பில்லைக் கொடுக்க வரும் நேரம் அவர்கள் கடை சாத்தும் நேரம், அதாவது இரவு ஒன்பது, ஒன்பதரை. நான் தோசை ஊற்றிக்கொண்டிருப்பேன். பில் கொடுக்க இரண்டு நிமிடம், பேச்சுக்கு இருபது நிமிடம். 2022-இல் வெல்டிங் பட்டறையில் சொல்லி, கேட்டின் உள்பக்கம் மாட்டுகிற மாதிரி ஒரு பெட்டி செய்தேன். மேலே சரிவான மூடி, மஞ்சப்பை நுழைகிற அளவுக்கு வாய், கீழே பூட்டு. உள்ளே கைவிட்டு எடுக்க முடியாதபடி ஒரு தகடு சாய்த்து வைத்தார் பட்டறைக்காரர், அது அவர் யோசனை. பெயிண்டோடு 1,800 ரூபாய். இப்போது எந்த நேரமும் பையைப் போட்டுவிட்டுப் போகலாம், மேலே கடைப்பெயரும் மாதமும் எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான். காரிமங்கலத்தில் டிராக்டர் உதிரிபாகம் விற்பவர் ஒருவர் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை அங்கே சந்தை, அன்றைக்குக் கடையை விட்டு அசைய மாட்டார். புதன்கிழமை தெரிந்த கண்டக்டர் கையில் பையைக் கொடுத்து அனுப்புவார், அது யார் கையிலோ மாறிப் பெட்டியில் விழுந்திருக்கும். குறை என்று சொன்னால், முதல் வருடம் மழைச்சாரல் உள்ளே போனது. மூடி ஓரத்தில் பழைய டியூப்பை வெட்டி ஒட்டிய பிறகு சரி.

மேஜை, நாற்காலி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சக்கரம் வைத்த வலை நாற்காலி 6,500 ரூபாய்க்கு வாங்கினேன், பதினான்கு மாதத்தில் உட்கார்ந்தால் தானாக இறங்க ஆரம்பித்தது. இப்போது ஒயர் பின்னிய பழைய இரும்பு நாற்காலி, அம்மா வீட்டில் கிடந்தது. முதுகு வேர்ப்பதில்லை. என் உயரத்துக்குக் கடை மேஜையில் கால் தரையில் பதியாது, கல்யாணத்தில் உட்கார்ந்த மணையைக் காலுக்குப் போட்டிருக்கிறேன். அத்தைக்கு அது பிடிக்கவில்லை.

காகிதம்தான் இந்தத் தொழிலில் பெரிய எதிரி. கணக்கு, பில் எல்லாவற்றையும் அந்த வருட ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்டம். 2019-20-க்கு அந்தத் தேதி 2021 மார்ச் 31 வரை தள்ளிப்போனது, ஆக நான் தொடங்கிய வருடத்துக் காகிதத்தைக்கூட 2027 மார்ச் வரை கழிக்க முடியாது. அத்தனை வருடம் தாங்குமா என்று யோசிக்காமல் ஆசாரியிடம் பிளைவுட் அலமாரி செய்து சுவரை ஒட்டி நிறுத்தினேன். ஒரு மழைக்காலம் கழித்துக் கீழ்த்தட்டில் இருந்த பில் கட்டை எடுத்தால் அடியில் மண். கரையான். நல்ல வேளை, எல்லாம் ஸ்கேன் செய்த பில்கள். அதன்பின் இரும்பு ஆங்கிள் ரேக், சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி, கால் நான்கும் செங்கல் மேல். மூன்று வருடமாக ஒரு பூச்சியும் இல்லை.

ரேக்கைவிட உதவியது வேறொன்று. அந்தக் காகிதத்தை 72 மாதம் காக்க வேண்டிய கடமை கடைக்காரருடையது, என்னுடையது இல்லை. ஆடிட்டர் ஆபீஸில் ஒன்பது வருடம் இருந்தும், இது என் வீட்டு இடப் பிரச்சினைக்கு மருந்து என்று 2023-இல்தான் உறைத்தது. இப்போது ஆண்டு ரிட்டர்ன் முடிந்ததும் கட்டைத் திருப்பிக் கொடுத்து நோட்டில் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். பாதி ரேக் காலி. திரும்ப வாங்கிப்போக வராமல் ஏழெட்டுப் பேர் டிமிக்கி கொடுக்கிறார்கள், அவர்கள் வீட்டிலும் இடம் இல்லையாம்.

தெர்மல் பில் விஷயத்தையும் சொல்ல வேண்டும். மெஷினில் வரும் வழவழப்பு பில், சூடு பட்டால் ஒரு கோடைக்குள் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வந்த அன்றே போனில் ஸ்கேன் எடுத்துவிட வேண்டும். அப்புறம் கடைகளில் பில் குத்தும் கம்பி. குத்துகிற ஓட்டை எப்படித்தான் சரியாகப் பில் நம்பர் மேலேயே விழுமோ! எல்லாக் கடைக்காரரிடமும் "மேல் மூலையில் குத்துங்க அண்ணா" என்று சொல்லியிருக்கிறேன். கேட்பவர்கள் நாலு பேர்.

கரண்ட் பற்றிச் சுருக்கமாக: 150 ஏஎச் பேட்டரியோடு இன்வெர்ட்டர், ஆறு வருடத்தில் ஒரு பேட்டரி மாற்றியாயிற்று, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டிஸ்டில்டு வாட்டர். மாதாந்திரப் பராமரிப்புக்குப் பகல் முழுக்க நிறுத்தும் நாளில் மதியத்துக்கு மேல் தாங்காது. நெட் பெட்டிக்கு மட்டும் தனியாக ஒரு குட்டி யுபிஎஸ் வாங்குங்கள். லேப்டாப்புக்குத் தன் பேட்டரி இருக்கிறது, நெட் இல்லாவிட்டால்தான் கை கட்டிப்போகும்.

இங்க் டேங்க் பிரிண்டர் உழைக்கிறது, ஆனால் வாரம் ஒரு கலர் பக்கமாவது அடிக்காவிட்டால் மூக்கடைத்துக்கொள்ளும். அந்தக் கவலை எனக்கு இல்லை. தெருப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் எல்லாம் என் வீட்டில்தான். 8-ஆம் தேதியிலிருந்து 22 வரை மட்டும் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

அந்தத் தேதிகள்தான் எங்கள் வீட்டின் அமாவாசை, கிருத்திகை. விற்பனை ரிட்டர்ன் 11, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் காலாண்டுக்காரர்களுக்கு 13, வரி கட்டும் 3பி ரிட்டர்ன் 20, காலாண்டுக்காரர்களின் 3பி 22. தவறினால் நாளுக்கு 50 ரூபாய், வியாபாரமே இல்லாத நில் ரிட்டர்ன் என்றால் 20. சின்னவனுக்குக் காய்ச்சலாக இருந்த ஒரு மாதம் ஒரு நில் ரிட்டர்னை ஐந்து நாள் மறந்தேன். நூறு ரூபாய்தான், கையிலிருந்து கட்டினேன், அந்தக் கடைக்காரர் பெருந்தன்மையாகத்தான் பேசினார். மறந்தது நான், அதுதான் உறுத்தியது.

அதற்கு முன்பு ஆபீஸ் அறையில் ஒரு காலண்டர், சமையலறையில் ஒரு காலண்டர். இதில் ரிட்டர்ன், அதில் பால் கணக்கு, கேஸ் புக் செய்த நாள், பரீட்சை, ஊர்த் திருவிழா. காய்ச்சல் சம்பவத்துக்குப் பிறகு ஆபீஸ் காலண்டரைக் கழற்றிவிட்டேன். சமையலறையில் ஒன்றே ஒன்று, நகைக்கடை கொடுத்த மாதக் காலண்டர், எல்லாம் அதில்தான். என் தேதி சிவப்பு, பிள்ளைகள் நீலம், வீட்டுக்காரரின் டிரிப் பச்சை. போனில் நினைவூட்டல் வைத்தால் எனக்கு மட்டும்தான் தெரியும். சுவரில் இருந்தால் அத்தைக்கும் தெரியும். "நாளைக்கு இருவதாச்சே, நான் களி கிண்டிடறேன், நீ போ" என்று அவரே சொல்ல ஆரம்பித்தது இந்தக் காலண்டருக்குப் பிறகுதான். வீட்டில் யாரும் உதவவில்லை என்று அதுவரை புலம்பியவள் நான். எப்போது உதவ வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

காலண்டரே கைவிட்ட நாளும் உண்டு. 2025 ஜனவரியில் விற்பனை ரிட்டர்ன் கடைசித் தேதியை 13-க்குத் தள்ளினார்கள். 13-ஆம் தேதி போகி. வீட்டில் பரண் முழுக்க இறங்கியிருக்கிறது, நான் ஓடிபி கேட்டுக்கொண்டிருக்கிறேன். ரிட்டர்னை உறுதி செய்கிற ஓடிபி கடை முதலாளி போனுக்குத்தான் போகும். அவர் பொங்கல் கரும்பு வாங்கச் சந்தையில், போன் வீட்டில். எடுத்த அவர் அம்மா, "நாலு, ஏழு... இரு கண்ணு, கண்ணாடி எடுத்தாறேன்" என்று போனார். வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது, மறுபடி முதலிலிருந்து. செப்டம்பர் 22-ஆம் தேதி வரி விகிதம் மாறியபோதும் அதே கூத்து. நவராத்திரி முதல் நாள், சிமெண்ட் 28-லிருந்து 18, டிராக்டர் உதிரிபாகம் 18-லிருந்து 5. பழைய ஸ்டாக்குக்கு எந்த விகிதம் போடுவது என்று காலை ஆறு மணிக்கே போன்.

போனுக்கு நான் கண்ட வழி இரண்டாவது சிம்மும், அதில் வாட்ஸ்அப் பிசினஸும்தான். இரவு எட்டுக்கு மேல் "காலையில் பதில் வரும்" என்று அதுவே சொல்லிக்கொள்ளும். முதல் மாதம் இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். இப்போது அவர்களே எட்டு மணிக்கு முன்னால் கூப்பிடுகிறார்கள். 10, 11, 19, 20 தேதிகளில் மட்டும் இந்த விதி இல்லை. அன்றைக்குத் தூங்கும்போதும் போன் தலைமாட்டில்தான்.

சரிப்படாதது என்றால் ஜூலைதான். சம்பளக்காரர்களின் வருமான வரிக் கணக்குக்குக் கடைசி நாள் ஜூலை 31, மூன்றாம் நாள் ஆடி 18. பென்னாகரத்தில் அம்மா வீடு. 2022, 2023, 2024 மூன்று வருடமும் 31 இரவு வரை வேலை பார்த்து, காய்ச்சல் வந்து படுத்து, ஆடிப்பெருக்குக்குப் போகவே இல்லை. 2025-இல் தேதியைச் செப்டம்பருக்குத் தள்ளியதால்தான் போய்ச் சாப்பிட்டு வந்தேன். அடுத்த வருடம் சம்பளக்காரர்களின் கணக்கை ஜூன் கடைசியிலேயே கேட்டு வாங்க வேண்டும். சம்பளத்தில் பிடித்த வரிக்கு வேலை கொடுப்பவர் தரும் படிவம் 16 ஜூன் 15-க்கு முன் பலருக்குக் கையில் வராது, அதனால் அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது.

இப்போதைக்குத் தலைக்கு மேல் நிற்பது மார்ச். எனக்கு வருடக் கடைசி, பெரியவளுக்குப் பொதுத்தேர்வு. கதவு மூடுகிற அறை வீட்டில் ஒன்றே ஒன்று. பகலில் நான், ராத்திரி ஏழுக்கு மேல் அவள் என்று பேசியிருக்கிறோம், ரேக்கின் நடுத்தட்டு ஒன்றைக் காலி செய்து அவள் புத்தகத்தை அடுக்கியும் ஆயிற்று. தகரப் பெட்டியில் இரவு பை விழும் சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்கிறாள். அடியில் பழைய கம்பளித் துண்டு ஒன்றை மடித்துப் போட்டிருக்கிறேன்.