எக்ஸ்சேஞ்சுக்கு செகண்ட் ஹேண்ட் 100ஜி சுவிட்ச்: பல வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

சென்னையில் ஒரு சிறிய இன்டர்நெட் எக்ஸ்சேஞ்சின், அதாவது இணைய நிறுவனங்கள் தங்களுக்குள் நேரடியாக டிராஃபிக் பரிமாறிக்கொள்ளும் இடத்தின், தொழில்நுட்பப் பக்கத்தைக் கவனித்துவருகிறேன். எங்கள் உறுப்பினர்களில் பெரும்பாலோர் கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்து, பிறகு ஃபைபர் இழுத்து இணையம் கொடுக்க ஆரம்பித்தவர்கள். மாதக் கட்டணம் கொஞ்சம் கூடினாலும் அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் புதுப் பெட்டி வாங்கும் யோசனையை விட்டுவிட்டு, பெரிய டேட்டா சென்டர்கள் கழித்துவிட்ட அரிஸ்டா 7060சிஎக்ஸ்-32எஸ் சுவிட்சுகளை வாங்கினோம். ரேக்கில் ஒரு யூனிட் உயரம்தான்; அதில் 100ஜி (நொடிக்கு 100 ஜிகாபிட்) போர்ட்டுகள் 32. உள்ளே இருப்பது பிராட்காமின் டோமஹாக் சிப்.

இவ்வளவு மலிவான பெட்டி ஒரு எக்ஸ்சேஞ்சுக்குப் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். போதும். எக்ஸ்சேஞ்ச் சுவிட்ச் ரவுட்டிங் செய்வதில்லை. எந்த முகவரிக்கு எந்த வழி என்று சொல்லும், 9 லட்சத்தைத் தாண்டிய ஐபிவி4 ரூட்டுகளைச் சுமப்பது உறுப்பினர்களின் ரவுட்டர்கள். உறுப்பினர்கள் நேரடியாக இணைந்துகொள்ளும் பீரிங்குக்கான ரூட்டுகளைப் பரிமாறித் தருவது தனி சர்வரில் ஓடும் பேர்ட் (BIRD) மென்பொருள். சுவிட்சின் வேலை ஈதர்நெட் ஃபிரேமை ஒரு போர்ட்டில் வாங்கி இன்னொன்றில் கொடுப்பது மட்டுமே. ரவுட்டர் விலைக்கும் சுவிட்ச் விலைக்கும் உள்ள அந்தப் பெரிய இடைவெளியில்தான் எங்களைப் போன்ற சிறிய எக்ஸ்சேஞ்சுகள் பிழைத்திருக்கின்றன.

ஆனால் மூன்று விஷயங்கள் இல்லாத பெட்டியைத் தொடவே கூடாது. ஒரு போர்ட்டுக்கு ஒரே மேக் முகவரி (கருவியின் வன்பொருள் எண்) என்று கட்டுப்படுத்த முடிய வேண்டும். ஐபிவி4, ஏஆர்பி, ஐபிவி6 தவிர மற்ற ஈதர்டைப்புகளை (ஃபிரேம் சுமக்கும் நெறிமுறை வகைகளை) வாசலிலேயே தடுக்க முடிய வேண்டும். டிராஃபிக்கை மாதிரி எடுத்துக் காட்டும் எஸ்ஃப்லோ இருக்க வேண்டும். உறுப்பினர் அலுவலகத்தில் யாரோ ஒருவர் தெரியாமல் லூப் போட்டு, அதே ஃபிரேம்கள் சுற்றிச்சுற்றி வரும்படி செய்துவிட்டால், முதல் இரண்டும்தான் மற்ற எல்லோரையும் காப்பாற்றும். யார் யாருக்கு எவ்வளவு டிராஃபிக் போகிறது என்பதை எஸ்ஃப்லோ இல்லாமல் உறுப்பினருக்குக் காட்ட முடியாது. அதைக் காட்டினால்தான் அடுத்த வருடமும் அவர் போர்ட்டை வைத்திருப்பார்.

நான் அதிகம் மல்லுக்கட்டியது பஃபரோடு. டோமஹாக் சிப்பில், ஃபிரேம்கள் வரிசையில் காத்திருக்கும் நினைவகமான பஃபர் மொத்தம் 16 எம்பி. அதுவும் நான்கு எம்பியாக நான்கு துண்டுகள். வீடியோ போன்றவற்றின் நகலை அருகிலேயே வைத்திருக்கும் கன்டென்ட் கேஷ் சர்வர் ஒன்று 100ஜி போர்ட்டில் இருக்கிறது. அதை இழுக்கும் ஐஎஸ்பி 10ஜி போர்ட்டில் இருக்கிறார் என்று வையுங்கள். கேஷ் முழு வேகத்தில் ஒரு கணம் தள்ளினால், நொடிக்கு 90 ஜிகாபிட் தேங்கும். அந்த நான்கு எம்பி முழுவதையும் அந்த ஒரே போர்ட் எடுத்துக்கொண்டாலும் ஏறத்தாழ 0.36 மில்லி நொடியில் நிரம்பிவிடும். அதற்கு மேல் வருவதெல்லாம் டிராப். ஐந்து நிமிட கிராஃபில் பார்த்தால் நான்கு ஜி கூட ஓடாது, ஆனால் டிராப்பை எண்ணும் டிஸ்கார்ட் கவுன்டர் ஏறிக்கொண்டே இருக்கும். "பாதி கூட ஓடலையே, ஏன் சார் வீடியோ நிக்குது?" என்று உறுப்பினர் கேட்பது நியாயம்தான். இது ஒரு பெட்டியின் குறையல்ல. சிறிய பஃபர் உள்ள சிப் எல்லாவற்றுக்கும் பொது. எனவே கிராஃபோடு டிஸ்கார்ட் கவுன்டரையும் சேர்த்து வரையுங்கள். அது ஏறும் உறுப்பினரை 25ஜி போர்ட்டுக்கு மாற்றுங்கள். அது முடியாதென்றால், 10ஜி ஆட்களை மட்டும் ஜெரிக்கோ சிப் உள்ள ஆழமான பஃபர் சுவிட்ச் ஒன்றில் வைப்பதுதான் வழி. அதில் பஃபர் ஜிகாபைட் கணக்கில் இருக்கும். அந்த வகையும் இப்போது செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது.

மிச்சம் பிடித்த பணம், ஃபைபரில் ஒளியை அனுப்பி வாங்கும் செருகுபெட்டிகளான ஆப்டிக்ஸுக்குப் போகட்டும். ஒரு 100ஜி போர்ட்டை நான்கு 10ஜி-யாகப் பிரித்துக் கொடுப்பது லாபம்தான், ஆனால் அந்த ஒரு ஆப்டிக் போனால் நான்கு உறுப்பினர்கள் ஒன்றாக இறங்கிவிடுவார்கள். அதே ரகத்தில் உதிரி ஒன்று ரேக்கிலேயே இருக்க வேண்டும். 100ஜி எல்ஆர்4 லிங்க் ஒன்றில் சிஆர்சி எரர், அதாவது சிதைந்து வரும் ஃபிரேம்களின் எண்ணிக்கை, மெதுவாக ஏறியது. லிங்க் இறங்கவில்லை, அலாரமும் வரவில்லை. ஒளி அளவைப் பார்த்தபோது நான்கு லேன்களில் (தனித்தனி ஒளித் தடங்களில்) மூன்று ஒரே மாதிரி, நான்காவது மட்டும் 3 டிபி கீழே. ஆப்டிக்கை மாற்றியதும் எரர் நின்றது. லேன் வாரியாக அளவு காட்டாத மலிவு ஆப்டிக் என்றால் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது விற்பவரிடம் கேட்க வேண்டியவை: ஃபேன் காற்றை எந்தப் பக்கம் தள்ளுகிறது, பவர் சப்ளை இரண்டும் இருக்கிறதா, வேறு நிறுவன ஆப்டிக்ஸை ஏற்குமா, அதற்கு அன்லாக் கீ வேண்டுமா. மென்பொருள் மேம்பாடு சப்போர்ட் ஒப்பந்தம் இல்லாமல் பொதுவாகக் கிடைக்காது. அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். மென்பொருளையும் பெட்டியையும் தனித்தனியாக வாங்குவது இன்னொரு வழி. லண்டனின் லிங்க்ஸ் எக்ஸ்சேஞ்ச் தன் இரண்டாவது நெட்வொர்க்கை (LAN) எட்ஜ்கோர் பெட்டிகளில் ஐபி இன்ஃபியூஷன் மென்பொருளைப் போட்டு நடத்தியது. ஆனால் மென்பொருள் கைமாறும் அபாயம் உண்டு. கியூமுலஸ் என்ற சுவிட்ச் மென்பொருள் நிறுவனத்தை 2020-ல் என்விடியா வாங்கிய பிறகு, பிராட்காம் சிப் பெட்டிகளுக்குப் புதிய பதிப்புகள் வருவது நின்றது.

பத்துப் பேருக்கு 10ஜி கொடுத்து இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் இவ்வளவு பெரிய பெட்டி வேண்டாம். மைக்ரோடிக் சிஆர்எஸ்317-ல் 16 எஸ்எஃப்பி பிளஸ் (10ஜி) போர்ட்டுகள் உண்டு, சத்தமும் கரண்டும் குறைவு. எஸ்ஃப்லோ போல உங்களுக்கு வேண்டிய வசதி அதில் எந்த அளவுக்கு உண்டு என்பதை மட்டும் முன்னதாகச் சோதித்துவிடுங்கள்.

எங்களிடம் 400ஜி கேட்டு ஒருவர் வரும்வரை இந்தப் பெட்டிகளை மாற்றும் எண்ணமில்லை. வந்தால் அவருக்காக ஒரு 400ஜி சுவிட்சை வாங்கி மேலே வைத்துவிட்டு, இவற்றை 100ஜி இணைப்புகளால் அதன் கீழே கோர்த்துவிடுவோம்.