ஓட்டிப் பார்த்தேன், வெட்டிப் பார்க்கவில்லை

கோவையில் பழைய லேத் (இரும்பைச் சுழற்றி வெட்டுகிற கடைசல் மெஷின்) வாங்கும் யோசனையில் இருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள். எனக்கு 82,000 ரூபாய் போனது. கடைப் பெயரைப் போடப் போவதில்லை. இந்த வித்தை தெரிந்த கடை அது ஒன்றுதான் என்று நான் நினைக்கவும் இல்லை.

வீட்டுக் கார் ஷெட்டில் வைக்க நாலரை அடி லேத் ஒன்று தேடினேன். புஷ், பின், மோட்டார் ஷாஃப்ட் என்று சில்லறை வேலைதான். பழைய எச்.எம்.டி., கிர்லோஸ்கர் மெஷின்கள் மேல் ஆசை உண்டு. ஆனால் அந்த எடையை என் ஷெட் தரை தாங்காது. ராஜ்கோட், பட்டாலா பக்கம் செய்கிற லைட் டியூட்டி போதும் என்று முடிவு செய்தேன். அந்த முடிவில் தப்பில்லை.

கடையில் பச்சை பெயிண்ட் பளபளக்க நின்றது. பெட், அதாவது மெஷினின் நீளமான அடித்தளம் முழுக்கப் பிறை பிறையாக ஸ்கிராப்பிங் செய்த அடையாளம், கையால் சுரண்டி மட்டம் செய்தால் விழுகிற பூ. "காலேஜ் ஒர்க்‌ஷாப் மெஷினுங்க சார், பசங்க தொட்டுக்கூடப் பாக்கலீங்க" என்றார் கடைக்காரர். சுவிட்சைப் போட்டார், சத்தமே இல்லை. டூலைத் தாங்கிப் பெட் மேல் ஓடுகிற சேடில், டெயில்ஸ்டாக் என்கிற கடைசி முனைப் பக்கம் நின்றது. அங்கேயே ஒரு சாண் முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரிப் போனது. ஒரு ராடைப் பிடித்து வெட்டிக் காட்டுங்கள் என்றேன். "டூல் எல்லாம் பசங்க எடுத்துட்டுப் போய்ட்டாங்க. அதான் ஓடறதைப் பாத்துட்டீங்களே?" என்றார். மேலே கேட்கக் கூச்சமாக இருந்தது, விட்டுவிட்டேன். பில் போட்டால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேரும் என்றார். பில் வேண்டாம் என்று நானே தலையாட்டினேன். ஜிபேயில் 10,000 அட்வான்ஸ், மீதி ரொக்கம்.

ஏற்றும்போது பெல்ட்டை லீட் ஸ்க்ரூவில் (மரை வெட்டும்போது சேடிலை இழுக்கிற நீள ஸ்க்ரூ) சுற்றித் தூக்கப் போனார்கள். கத்தி நிறுத்தினேன். அது வளைந்தால் மரை வெட்டுகிற வேலையையே மறந்துவிட வேண்டியதுதான். அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்று. குட்டியானையில் வீடு வந்து சேர்ந்தது. மோட்டார் மூணு ஃபேஸ், என் வீட்டில் ஒரு ஃபேஸ். அது என் மடத்தனம், கடைக்காரர் மேல் போட மாட்டேன். ஒரு ஃபேஸிலிருந்து மூணு ஃபேஸ் எடுத்துத் தருகிற வி.எஃப்.டி. வாங்கி, மோட்டார் இணைப்பை ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாற்றித்தான் ஓட்டினோம்.

எதிர்வீட்டு அண்ணன் 30 வருஷம் டர்னராக இருந்தவர். வந்தார். சுவிட்சைத் தொடவே இல்லை. சேடிலை நகர்த்திவிட்டு, சக்கை (ராடைப் பிடித்துச் சுழற்றுகிற தலை) ஒட்டிய இடத்தில் பெட்டின் குறுக்கே கட்டை விரல் நகத்தை வைத்து இழுத்தார். டக்கென்று ஒரு படியில் தட்டியது. என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். சேடில் ஓடுகிற இடம் பள்ளமாகி, ஓடாத விளிம்பு மட்டும் உயரமாக நின்றது. சின்ன ஜாபெல்லாம் சக் பக்கத்தில்தான் வெட்டுவார்கள், தேய்வதும் அங்கேதான். டெயில்ஸ்டாக் பக்கம் புதுசு மாதிரியே இருக்கும். எனக்கு உருட்டிக் காட்டியது அந்தப் பக்கத்தைத்தான்.

அப்புறம் சேடில் லாக்கைச் சக் பக்கம் லேசாகப் பிடிக்கிற அளவுக்கு முடுக்கிவிட்டு டெயில்ஸ்டாக் நோக்கி உருட்டச் சொன்னார். பாதி தூரம்கூடப் போகவில்லை, தேயாத பெட் தடிமனாக இருந்ததால் இறுகி நின்றுவிட்டது. "இந்தப் பூவெல்லாம் கிரைண்டர்ல போட்டது தம்பி. தேஞ்ச பள்ளத்துலயும் பூ புதுசா இருக்குது பாருங்க."

25 எம்.எம். ராடு ஒன்றைச் சக்கில் பிடித்து, டெயில்ஸ்டாக் சென்டர் கொடுக்காமல், சக் அருகே ஒரு பட்டையும் 120 எம்.எம். தள்ளி இன்னொரு பட்டையும் ஒரே செட்டிங்கில் மெல்லிய கட்டாக எடுத்தார். மைக்ரோமீட்டரில் சக் பக்கம் 24.32, வெளிமுனையில் 24.20. ராடு வளைந்து கொடுத்திருந்தால் வெளிமுனைதான் பெருத்திருக்க வேண்டும். இங்கே தலைகீழ், சக் பக்கம் பெட் பள்ளமானதால் டூல் விலகிக் குறைவாக வெட்டியிருக்கிறது. கடையில் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்க வேண்டிய சோதனை இது. ராடும் டூலும் நானே பையில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம்.

சத்தமில்லாத ரகசியம் மறுநாள் தெரிந்தது. சக்கைச் சுழற்றுகிற கியர்கள் இருக்கும் ஹெட்ஸ்டாக் பெட்டியின் மூடியைக் கழற்றினால் ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் கருப்பு அல்வா மாதிரி கிரீஸ். வழித்தெடுத்துக் கழுவினோம். வேகத்தைக் குறைக்கிற பேக் கியரில் ஒரு பல் மட்டும் மஞ்சளாக இருந்தது. உடைந்த பல்லுக்குப் பித்தளை வைத்துக் கட்டி அரத்தால் ராவியிருந்தார்கள். சரியான ஆயில் ஊற்றி ஓட்டியதும் மாவு மில் சத்தம். டூலைக் குறுக்கே நகர்த்துகிற கிராஸ் ஸ்லைடு கைப்பிடியில் கால் சுற்று லூஸ் இருந்தது. அதை அண்ணன் கண்டுகொள்ளவே இல்லை, நட் மாற்றினால் போகும் என்றார். பெட்டும், சக்கைத் தாங்கிச் சுழல்கிற ஸ்பிண்டிலும் போனால்தான் அழ வேண்டுமாம்.

"கியர் செட் ஃபுல்லா இருக்குதுங்க" என்று, மரை அளவுக்கேற்ப மாற்றிப் போடுகிற கியர்களைக் கட்டிக் கொடுத்த சாக்கையும் கொட்டிப் பார்த்தோம். மூன்று கியர் வேறு மாட்யூல் (பல்லின் அளவு), எதோடும் பல் சேரவில்லை. 127 பல் கியர் இல்லவே இல்லை. என் லீட் ஸ்க்ரூ இன்ச்சுக்கு 4 மரை. அதில் எம்.எம். மரை துல்லியமாக விழ வேண்டுமென்றால் அந்தக் கியர் வேண்டும். ஒரு இன்ச் 25.4 எம்.எம்., 127-ஐ 5-ஆல் வகுத்தால் அந்த 25.4 வரும். கியர்களை எண்ணி, பல்லையும் எண்ணி வாங்குங்கள்.

கடைக்காரரைக் கூப்பிட்டேன். "ஓடற மெஷின்னு சொன்னேன், ஓடுதில்லீங்க?" என்றார். அதற்கு மேல் பேசினால் 45,000-க்குத் திருப்பி எடுத்துக்கொள்வாராம், வண்டி வாடகை என்னுடையதாம். பில் இல்லை. ஜிபேயில் இருப்பது 10,000, அதுவும் எதற்கு என்று எழுதாமல் அனுப்பியது. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றார்கள். எதைக் காட்டுவது?

பெட்டைக் கிரைண்டிங் போட 28,000 கேட்கிறார்கள், ஏற்றி இறக்குகிற கூலி தனி. இன்னும் முடிவு செய்யவில்லை. இப்போதைக்கு ஓட்டை போடவும் முகம் வெட்டவும் (ராடின் முனையைத் தட்டையாக்கவும்) அதை வைத்திருக்கிறேன்.

போன வாரம் அந்தக் கடை வழியாகப் போனேன். வாசலில் பச்சை பெயிண்ட் இன்னும் காயாத நாலரை அடி லேத் ஒன்று நின்றது. சேடில் டெயில்ஸ்டாக்கை ஒட்டி இருந்தது.