செர்மாட்டா, செயின்ட் மோரிட்ஸா?

இரண்டுமே சுவிட்சர்லாந்தில் செலவு அதிகம் பிடிக்கும் ஊர்கள். பனிச்சறுக்குக்காகவே போகிறீர்கள் என்றால் யோசிக்காமல் செர்மாட். கேபிள் காரில் 3,883 மீட்டர் வரை ஏறி, அங்கிருந்து சறுக்கியே இத்தாலியின் செர்வீனியாவில் இறங்கி, மதியச் சாப்பாட்டை முடித்துத் திரும்பலாம். ஊருக்குள் பெட்ரோல் கார் கிடையாது. மேட்டர்ஹார்ன் சிகரத்தை நிம்மதியாகப் பார்த்துக்கொண்டே நடக்கலாம்.

சரி, கூட வருபவர்களுக்குச் சறுக்கத் தெரியாதா? அப்படியானால் செயின்ட் மோரிட்ஸ். 1928, 1948 என இரண்டு குளிர்கால ஒலிம்பிக் கண்ட ஊர். பிப்ரவரியில் உறைந்த ஏரியின் மேலேயே குதிரைப் பந்தயம் நடக்கும். அங்குள்ள பாப்ஸ்லெட் (பனியில் வழுக்கிப் பாயும் வண்டி) தடத்தை ஆண்டுதோறும் இயற்கைப் பனியாலேயே புதிதாகக் கட்டுகிறார்கள். விருந்தினரும் வண்டியில் ஏறி அதில் பாயலாம். தடம் கட்டும் அந்த உழைப்பைப் பார்க்கவே போகலாம்.

முடிவெடுக்க முடியவில்லையா? கிளேசியர் எக்ஸ்பிரஸ் ரயில் இரண்டையும் சுமார் எட்டு மணி நேரத்தில் இணைக்கிறது.