பில்லில் "ஹைப்ரிட் மெத்தை" என்று மட்டும் இருந்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள்

பொங்கல் ஆஃபரில் அம்மாவுக்கு ஒரு ஹைப்ரிட் மெத்தை எடுத்தேன். 75-க்கு 48 அளவு, 10 இன்ச் கனம், 31,500 ரூபாய். வைகாசி முடிவதற்குள் நடுவில் குழி விழுந்துவிட்டது. கடைக்காரர் கையை விரித்துவிட்டார். கடையில் நான் படுத்துப் பார்த்த மெத்தை வேறு, வீட்டுக்கு வந்த மெத்தை வேறு என்பது அதன் அடிவயிற்றைக் கிழித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. இதே யோசனையில் இந்த வாரம் யாராவது கடைக்குப் போவதாக இருந்தால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

மதுரையில் இருக்கிறோம். அம்மாவுக்கு 68 வயது, இடுப்பு வலி. அதுவரை படுத்திருந்தது போடிநாயக்கனூரிலிருந்து வாங்கிவந்த இலவம்பஞ்சு மெத்தை. இலவம்பஞ்சு நாளாக நாளாக அமுங்கிக் கட்டி தட்டும். வெயிலில் போட்டு, வருடத்துக்கு ஒருமுறை பிரித்து அடித்துத் தைத்தால் மறுபடி எழும்பும். அடித்துக் கொடுக்க இப்போது எங்கள் தெருப்பக்கம் ஆள் வருவதில்லை. டாக்டர், "ரொம்ப மெத்துமெத்துன்னும் வேண்டாம், கட்டாந்தரை மாதிரியும் வேண்டாம்" என்றார். அப்படித்தான் ஹைப்ரிட் பக்கம் போனோம்.

ஹைப்ரிட் என்றால் கீழே ஸ்பிரிங், மேலே ஃபோமோ லேடெக்ஸோ இருக்கும். அந்தச் சொல்லுக்கு அவ்வளவுதான் அர்த்தம். எந்த ஸ்பிரிங், எந்த ஃபோம், எத்தனை இன்ச் என்று எதையும் அது சொல்லாது. ஆனால் விலை வித்தியாசம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. பாக்கெட் ஸ்பிரிங்கில் ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப்பைக்குள் இருக்கும். அமுக்குகிற இடம் மட்டும் இறங்கும், பக்கத்தில் இருப்பது அசையாது. பானல் ஸ்பிரிங் உடுக்கை மாதிரி இடை சிறுத்த சுருள். எல்லாச் சுருளையும் கம்பியால் ஒன்றோடொன்று பின்னியிருப்பார்கள். ஒருவர் புரண்டால் மெத்தை முழுக்க ஆடும். பானல் கெட்டது என்று சொல்ல வரவில்லை. அது விலை குறைந்த பொருள், அந்த விலைக்கு விற்றால் குறையே இல்லை.

கடையில் மூன்று வகை படுத்துப் பார்த்தோம். பானல் மேல் சாதாரண ஃபோம் போட்டது 16,000. பாக்கெட் ஸ்பிரிங் மேல் மெமரி ஃபோம் 31,500. பாக்கெட் ஸ்பிரிங் மேல் லேடெக்ஸ் 42,000. விற்பனையாளர் மெத்தை ஓரத்தில் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து, மறுபக்கம் தானே தொப்பென்று உட்கார்ந்து காட்டினார். தண்ணீர் அலுங்கவில்லை. கேக் துண்டு மாதிரி குறுக்காக வெட்டி வைத்த ஒரு சாம்பிளைக் கையில் கொடுத்தார். கீழே 6 இன்ச் பாக்கெட் ஸ்பிரிங், நடுவில் 2 இன்ச் ஃபோம், மேலே 2 இன்ச் மெமரி ஃபோம். "800 ஸ்பிரிங் சார், பத்து வருஷம் வாரண்டி. அம்மா, நீங்க நிம்மதியா தூங்குங்க" என்றார். அம்மாவுக்கும் பிடித்துப்போயிற்று.

அந்தக் கடையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. இதை அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். மெமரி ஃபோம் குளிரில் இறுகும், சூட்டில் இளகும். குளிர்ந்த கடையில் பதமாகத் தாங்குகிற ஃபோம், ஏசி இல்லாத அறையில் சித்திரை மாதத்து ராத்திரியில் உடம்பை உள்ளே இழுத்துக்கொள்ளும். காற்றும் போகாது, முதுகெல்லாம் வியர்க்கும். லேடெக்ஸ் ரப்பர் பாலில் செய்வது. அதில் வரிசையாகத் துளைகள் இருக்கும், காற்று கொஞ்சம் ஓடும், சூட்டுக்கு இந்த அளவுக்கு இளகாது. நம் ஊர் வெயிலுக்கு, ஏசி இல்லாத வீட்டுக்கு, கையில் பணம் இருந்தால் லேடெக்ஸ்தான் என்பது என் முடிவு. இல்லையென்றால் மெமரி ஃபோம் ஒரு இன்ச்சுக்கு மேல் வேண்டாம். வீட்டில் எந்தச் சூட்டில் படுப்பீர்களோ அதை மனதில் வைத்துக் கடையில் படுத்துப் பாருங்கள். இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் ஒன்றும் தெரியாது. வழக்கமாகப் படுக்கிற பக்கம் ஒருக்களித்துக் கால்மணி நேரமாவது படுங்கள், யார் என்ன நினைத்தாலும் பரவாயில்லை.

மெத்தை இரவு ஒன்பது மணிக்கு வந்தது. இறக்கிய பையன்கள் இரண்டு பேருக்கும் அவசரம். பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை, கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். எக்ஸ்சேஞ்சில் 1,500 ரூபாய் கழித்ததற்காக அம்மாவின் இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி வண்டியில் ஏற்றினார்கள். அம்மா வாசல் வரை வந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மெத்தை என் பாட்டி கொடுத்தது. 1,500 ரூபாய்க்கு அதைக் கொடுத்தேனே என்பதுதான், மெத்தைக்குக் கொடுத்த பணம் போனதைவிட இன்றைக்கும் என்னை அறுக்கிறது.

மாசியிலேயே அம்மா, "ஏப்பா, புரண்டு படுத்தா கிரீச்சுன்னு சத்தம் வருதே" என்றாள். புதுசு, பழகிவிடும் என்றேன். பங்குனியில் ஒரு நாள் என் மகள் பாட்டி பக்கத்தில் ஏறிக் குதித்தாள். மறுபக்கம் அம்மா வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர் தண்ணீரோடு சாய்ந்தது. கடையில் அலுங்காத தண்ணீர் இங்கே ஏன் கொட்டியது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சந்தேகம் வந்த பிறகும் இரண்டு மாதம் வீணாக்கினேன். அதற்குள் இடுப்பு அழுந்துகிற இடத்தில் பள்ளம் தெரிய ஆரம்பித்துவிட்டது. காலையில் எழுந்து நிமிர அம்மாவுக்குப் பத்து நிமிடம் ஆனது.

கடையில் புகார் செய்ததும் ஆள் வந்தார், மறுக்கவில்லை. மெத்தை மேல் குறுக்காக ஒரு கட்டையை வைத்து, பள்ளத்தில் ஸ்கேலை இறக்கினார். 27 மில்லிமீட்டர். "38 மில்லிமீட்டர் இருந்தாத்தான் வாரண்டி சார்" என்றார். அதையும் ஆள் படுக்காத வெறும் மெத்தையில்தான் அளப்பார்கள். அம்மா படுத்தால் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கச் சொன்னேன், அது கணக்கில் வராது என்றார். வாரண்டி அட்டையை அன்றைக்குத்தான் முழுதாகப் படித்தேன். கறை இருந்தால் செல்லாது. கட்டிலில் பலகை இடைவெளி அதிகமிருந்தால் செல்லாது. முதல் இரண்டு வருடத்துக்குப் பிறகு புது மெத்தை விலையில் ஒரு பங்கு நாம் கட்ட வேண்டும். மெத்தையோடு தைத்த துணி உறையைப் பிரித்தால் வாரண்டியே போச்சு. கவனியுங்கள்: உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் உறையைப் பிரித்தாக வேண்டும், பிரித்துவிட்டால் கேட்கிற உரிமை இல்லை என்கிறார்கள்.

வாரண்டி கிடையாது என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அன்று இரவே மெத்தையைத் திருப்பிப் போட்டு, அடிப்பக்கத் தையலைப் பிளேடால் பிரித்தேன். மகள் கைபேசியில் வீடியோ எடுத்தாள். துணிப்பை ஒன்றுகூட இல்லை. உடுக்கை உடுக்கையாகப் பானல் ஸ்பிரிங், அடிக்கு நாலு. நீளத்தில் 25, அகலத்தில் 16, மொத்தம் 400. அவர் சொன்ன 800-இல் பாதி. அதற்கு மேல் ரீபாண்டட், அதாவது ஃபோம் கழிவை அரைத்துப் பசை போட்டு அழுத்திய பலகை. பச்சை, ஊதா, மஞ்சள் என்று பல நிறத் துணுக்குகள் வெளிப்படையாகத் தெரியும், பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளையாக ஒரே ஒரு இன்ச் ஃபோம்.

அந்த வெள்ளை ஃபோம் மெமரி ஃபோம்தானா? உள்ளங்கையை அழுத்தி எடுத்தால் மெமரி ஃபோமில் கைத்தடம் சில நொடி நின்று மெல்ல மறையும். இதில் கையை எடுத்ததும் எழும்பிவிட்டது. அடுத்து அடர்த்தி. கடைக்காரர்கள் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி, 50 டென்சிட்டி என்பார்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் அந்த எண். ஒரு லிட்டருக்கு எத்தனை கிராம் என்றாலும் அதே எண்தான் வரும். 20 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர், இரண்டரை சென்டிமீட்டர் கனத்தில் ஒரு துண்டு சரியாக 1000 கன சென்டிமீட்டர், ஒரு லிட்டர். அப்படி ஒரு சதுரம் வெட்டி, சமையலறைத் தராசில் வைத்தேன். எனக்குச் சொன்னது 50 டென்சிட்டி. தராசு 23 கிராம் காட்டியது. மூன்று முறை எடுத்து எடுத்து வைத்தேன், 23-தான்.

வீடியோவோடு கடைக்குப் போனேன். முதலாளி பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "சார், பில்லுல ஹைப்ரிட் மேட்ரஸ் 10 இன்ச், ஒண்ணுன்னுதானே இருக்கு? அதைத்தானே குடுத்திருக்கோம்." அவர் சொன்னது எழுத்தில் உண்மை. பாக்கெட் ஸ்பிரிங் என்றோ மெமரி ஃபோம் என்றோ ஒரு சொல் அதில் இல்லை. நானும் கேட்கவில்லை.

அதனால் கடையில் பணம் கட்டும் முன் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள்: ஸ்பிரிங் வகை, எண்ணிக்கை, கம்பியின் கேஜ், ஒவ்வொரு அடுக்கின் பெயர், கனம், டென்சிட்டி. கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிமன் கூடும், அதுவும் நினைவில் இருக்கட்டும். எழுத மாட்டேன் என்றால் வெளியே வந்துவிடுங்கள். உறையில் ஜிப் வைத்து உள்ளே பார்க்கும்படி இருக்கும் மெத்தை கிடைத்தால் அதையே எடுங்கள். டெலிவரி பகலில் கேளுங்கள். கையெழுத்துப் போடும் முன் பிளாஸ்டிக்கைப் பிரித்து, உள்ளங்கையால் ஒரு இடத்தை அமுக்கிப் பக்கத்து இடம் சேர்ந்து ஆடுகிறதா என்று பாருங்கள், தண்ணீர் டம்ளரையும் வைத்துப் பாருங்கள். பழைய மெத்தையை அன்றைக்கே ஏற்றிவிடாதீர்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். பத்து நாளில் கடையிலிருந்து அழைத்து, வேறு மெத்தை எடுத்தால் அதன் விலையில் 8,000 ரூபாய் கழித்துத் தருகிறோம் என்றார்கள். மறுத்துவிட்டேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். தேவைப்பட்டால் ஆணையமே பொருளைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பும், ஆகவே மெத்தையைத் தூக்கிப் போடக் கூடாது. போன வாரம் மனுவைக் கொடுத்துவிட்டேன்.

வெட்டிய சதுரத்தைத் தேதி எழுதி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். அது இருந்த இடத்தில் பள்ளம் தட்டாமல் இருக்க அம்மா தன் பழைய நூல் புடவையை நாலாக மடித்து வைத்துத் தைத்திருக்கிறாள். மெத்தையைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, கட்டில் பலகை மேல் கோரைப்பாயும் இரண்டு ஜமுக்காளமும் விரித்துப் படுக்கிறாள்.